பட்டியலில் விடுபட்ட அம்மாக்கள்

1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் யார் யார் என்று வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தோம். 9 வயதிலிருந்து 45 வயது வரை உள்ளவர்கள் பட்டியலில் வந்தார்கள். அதற்கு மேற்பட்டவர்களின் பெயர் வேண்டாம் என்பது ஏற்பாடு. அதற்கு நியாயம் இருந்தது. அரிக்கேன் விளக்கு, சிலேட்டு, புத்தகம், காசு வாங்காமல் சொல்லிக்கொடுக்க முன்வந்த இளவட்டங்கள் எல்லாமே அளவோடுதான் இருந்தன. பிள்ளை வளர்க்கிற, கூலிக்குப் போகிற வயதில் இருப்பவர்கள் முதலில் படிக்கட்டும் என்று நினைத்தார்கள். அன்று வயது தாண்டிவிட்டது என்று விடுபட்ட பெண்களில் உயிரோடு இருப்பவர்களுக்கு இப்போது ஏறக்குறைய 80 வயதோ அதற்கு மேலோ. அவர்களுடைய மறதியைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அப்படி விடுபட்ட பெண்களில் ஒருத்தி என் அம்மா.

நான் ஆலங்குடிப் பக்கம் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பகலில் தடுப்பூசிப் பெட்டியும் கர்ப்பிணிகள் பதிவேடுமாக அலைவேன். சாயங்காலம் அறிவொளி மையத்தில் உட்காருவேன். கணக்கெடுப்பில் வயது கேட்பதுதான் பெரும்பாடு. பிறந்த தேதி யாரிடமும் கிடையாது. "எனக்கென்ன தெரியும் நர்சம்மா, நீயே ஒரு வயசப் போட்டுக்க" என்பார்கள். மூத்த பிள்ளைக்கு என்ன வயது, கல்யாணம் ஆகி எத்தனை வருசம் கழித்து அது பிறந்தது, நாடு சுதந்திரம் வாங்கியபோது நடை பழகியாயிற்றா, காமராசர் காலத்தில் சமைந்தாயிற்றா என்று கேட்டுக் கேட்டுக் கூட்டிக் கழித்து ஒரு எண்ணை எழுதுவோம். படிக்க ஆசை உள்ளவர்கள் ஒன்றிரண்டு வயதைக் குறைத்துச் சொன்னார்கள். கூச்சப்பட்டவர்கள் கூட்டிச் சொல்லி ஒதுங்கினார்கள். என் அம்மாவுக்குப் பேரன் பேத்தி வந்துவிட்டிருந்தது. குறைத்துச் சொல்ல வழியில்லை.

இந்தப் பெண்கள் ஏன் படிக்காமல் போனார்கள் என்பதற்கு எங்கள் ஊரிலேயே நீண்ட கதை உண்டு. புதுக்கோட்டை 1948 வரை தொண்டைமான் மன்னர்களின் தனிச் சமஸ்தானம். 1886-இல் அங்கே பிறந்த முத்துலட்சுமி, மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது, பையன்கள் படிக்கும் இடத்தில் பெண்ணா என்று எதிர்ப்புக் கிளம்பியது. மன்னரே தலையிட்டுத்தான் அவருக்கு இடம் கிடைத்தது. 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறி, நாடறிந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஆனார். அவர் பெயரைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிரும். ஆனால் ஒரு பெண் படிப்பதற்கு ராஜா உத்தரவு வேண்டியிருந்த ஊரில், ராஜா காதுக்கு எட்டாத குடிசைகளில் இருந்த பெண்களின் கதி என்ன? திண்ணைப் பள்ளியில் எண்சுவடி மனப்பாடம் செய்தவர்கள் பையன்கள்தான், அதுவும் சில சாதிப் பையன்கள். அவர்கள் கிழவர்களான பிறகும் முந்திரி, அரைக்கால் வாய்ப்பாடுகளைத் தடங்கலில்லாமல் ஒப்பிப்பதை நான் கேட்டிருக்கிறேன். அவர்களுடைய அக்கா தங்கைகளுக்கு அந்தத் திண்ணையில் இடம் இருந்ததில்லை.

1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 9 பேர்கூட இல்லை. என் அம்மா பள்ளிக்குப் போக வேண்டிய வயதும் அதுதான். 1956-இல் மதிய உணவுத் திட்டம் வந்து, ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் திறந்தபோது அவளுக்கு அடுத்துப் பிறந்த தம்பி போனான். அவள் ஆடு பத்திக்கொண்டு போனாள். கைக்குழந்தையாக இருந்த தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துச் சன்னலுக்கு வெளியே நின்று பார்த்ததாகச் சொல்லியிருக்கிறாள். வாத்தியார் விரட்டவில்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை.

அறிவொளி அந்தப் பழியைக் கொஞ்சமாவது துடைத்தது. இரவு எட்டு மணிக்கு மேல், உலை வைத்து இறக்கி, பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு வருவார்கள். கல்குவாரியில் பகலெல்லாம் ஜல்லி உடைத்த விரல்களில் பல்பம் நிற்காது. 'அ' போட்டுப் பழகவே சிலருக்கு ஒரு வாரம் ஆனது. பஸ் போர்டு படிக்க வேண்டும், ரேஷன் கார்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிய வேண்டும், பெருவிரலில் மை தடவாமல் கையெழுத்துப் போட வேண்டும். இந்த மூன்றும்தான் எல்லோருடைய ஆசையும். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் சைக்கிளையும் இயக்கத்தோடு சேர்த்தார். 1992 மகளிர் தினத்தையொட்டி 70,000-க்கும் மேற்பட்ட பெண்கள் மாவட்டம் முழுக்கச் சைக்கிள் ஓட்டிக் காட்டினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஆண்கள் சைக்கிளில் ஏறி, கம்மாய்க்கரை மேட்டில் விழுந்து எழுந்து ஓட்டிய அந்த முகங்களை நான் நேரில் பார்த்தேன். குவாரிக் குத்தகையையே சங்கமாகச் சேர்ந்து எடுத்து நடத்திய பெண்கள், கணக்கு நோட்டைத் தாங்களே பார்த்தார்கள்.

என் அம்மா மையத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் வந்து உட்காருவாள். "ஏன் ஆத்தா, எம்பேர எழுதலையா?" என்று முதல் நாள் கேட்டாள். வீட்டில் வைத்துச் சொல்லித்தருகிறேன் என்றேன். பெயர் எழுதப் பழகினாள். அதற்கு மேல், "கையெழுத்துப் போதும்டி, இனிமே எனக்கு என்னத்துக்கு" என்று நிறுத்திக்கொண்டாள். பிற்பாடு நூறு நாள் வேலைக்குப் போனபோது வருகைப் பதிவேட்டில் அந்தக் கையெழுத்தைப் போடுவதில் அவளுக்கு அவ்வளவு பெருமை.

அப்பா தவறிய பிறகு தம்பி அவளைச் சென்னைக்குக் கூட்டிப்போனான். அம்பத்தூரில் நாலாவது மாடி. அங்கேதான் மறதி வெளியே தெரிந்தது. கக்கூஸுக்குப் போன அம்மா திரும்பிப் படுக்கைக்கு வர வழி தெரியாமல் வாசற்கதவைத் தட்டிக்கொண்டு நின்றாள். மின் தூக்கியில் ஏற்றினால் அழுதாள். மருத்துவமனையில் காட்டினோம். நிதானமாக, மரியாதையாகவே சோதித்தார்கள். இது எத்தனையாவது மாடி, இன்று என்ன தேதி, 100-லிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வாருங்கள், இந்தப் படத்தைப் பார்த்து வரையுங்கள் என்று கேள்விகள் வந்தன. கடைசியில் ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்து, மனதில் தோன்றும் ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார்கள். அம்மா என்னைப் பார்த்தாள். "கையெழுத்தா கேக்குறாக?" என்றாள். பிறகு தாளின் வலது ஓரத்தில், பதிவேட்டில் போடுவது போலவே, தன் பெயரை மெதுவாக எழுதிக் கொடுத்தாள். எழுத்தில் ஒரு பிழை கிடையாது.

அவளுக்கு மறதி நோய் இருந்தது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஒரே உலையில் இரண்டு தடவை அரிசி போட்டதும், செத்துப்போன பெரியம்மா வந்துவிட்டுப் போனதாகச் சொன்னதும் ஊரில் இருந்தபோதே நடந்தவைதான். ஆனால் அந்தச் சோதனையில் அவள் இழந்த மதிப்பெண்ணில் நோயால் போனது எவ்வளவு, பள்ளிக்கூடம் போகாததால் போனது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அந்தத் தாளால் முடியாது. மொத்தம் 30 மதிப்பெண்கள் கொண்ட அந்தச் சோதனை 1975-இல் அமெரிக்காவில் உருவானது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்களை மனதில் வைத்துச் செய்தது.

இதைச் சரிசெய்ய முயன்றவர்கள் நம் நாட்டிலேயே உண்டு. 1990-களில் ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் ஆய்வு செய்தவர்கள் அதே சோதனையை எழுத்து தேவைப்படாத இந்திச் சோதனையாக மாற்றினார்கள். 'கண்ணை மூடு' என்று அட்டையில் எழுதிக் காட்டிப் படிக்கச் சொல்வதற்குப் பதிலாக, என் முகத்தைப் பார்த்து நான் செய்வதைச் செய்யுங்கள் என்றார்கள். அதே காலத்தில் சென்னைக்கு அருகே திருப்போரூர்ப் பக்கக் கிராமங்களிலும் மருத்துவர்கள் முதியோரின் மறதியைக் கணக்கெடுத்தார்கள். 1998-இல் கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள் தங்கள் குழுவுக்கு 10/66 என்று பெயர் வைத்தார்கள். மறதி நோயாளிகளில் 66 சதவீதம் பேர் ஏழை நாடுகளில் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றிய ஆய்வோ 10 சதவீதத்துக்கும் குறைவு என்ற ஆதங்கம்தான் அந்தப் பெயர். அவர்கள் உலகின் பல நாடுகளில் ஆய்வு நடத்தினார்கள். இந்தியாவில் எடுத்துக்கொண்ட நகரம் சென்னை. கிராமப்புறம் வேலூர்ப் பகுதி.

2008-இல் வெளிவந்த அந்த முடிவுகளில் ஒரு எண் என்னை நிறுத்தியது. வழக்கமான அமெரிக்க மருத்துவ வரையறையின்படி பார்த்தால், இந்தியக் கிராமத்தில் 65 வயதைத் தாண்டியவர்களில் மறதி நோய் வெறும் 0.3 சதவீதம். ஆய்வு நடந்த எல்லா இடங்களிலும் இதுதான் குறைவு. எழுத்தறிவைக் கணக்கில் எடுத்து அவர்களே உருவாக்கிய முறையில் பார்த்தால், எந்த நாட்டிலும் 5 சதவீதத்துக்குக் கீழே இல்லை. ஏன் இந்த வித்தியாசம்? பழைய வரையறைக்கு, மறதியால் அன்றாட வாழ்க்கை கெட்டிருக்கிறது என்று வீட்டார் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் அப்படி யாரும் சொல்வதில்லை. "வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்பார்கள். கிழவிக்குச் சோறு போட ஆள் உண்டு. கடைக்குப் போகச் சொல்வதில்லை. கணக்குக் கேட்பதில்லை. அவளிடம் யாரும் எதையும் எதிர்பார்க்காததால், அவள் எதையும் இழந்ததாகக் கணக்கில் வரவில்லை.

'கிராமத்துக் கிழவிக்கு மறதியே வராது, களி தின்ற உடம்பு, உழைத்த உடம்பு' என்று மேடையில் பேசுகிறவர்களைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. 2023-இல் வெளிவந்த தேசிய அளவிலான ஆய்வு, 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு மறதி நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. நகரத்தில் 5.3 சதவீதம், கிராமத்தில் 8.4. ஆண்களில் 5.8, பெண்களில் 9. கிராமத்துப் பெண்ணுக்குத்தான் சுமை அதிகம். எந்தக் காற்றும் எந்தக் கேழ்வரகும் அவளைக் காப்பாற்றவில்லை. பள்ளிக்கூடம் கிடைக்காதது, ரத்தக் கொதிப்பைப் பார்க்க ஆளில்லாதது, காது மந்தமானால் அப்படியே விட்டுவிட்டது எல்லாம் சேர்ந்துதான் அந்த 9. மறதி நோய் பற்றிய லான்செட் ஆணையம் 2024-இல் தவிர்க்கக்கூடிய 14 காரணங்களைக் குறிப்பிட்டு, அவை அனைத்தையும் சரிசெய்தால் ஏறக்குறைய 45 சதவீத மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. இளம் வயதில் கல்வி கிடைக்காதது அந்தப் பட்டியலில் இருக்கிறது. காது மந்தம், பார்வைக் குறைவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தனிமை ஆகியவையும் இருக்கின்றன.

சென்னையில் ஒரு வருசம் இருந்துவிட்டு அம்மா ஊருக்குத் திரும்பினாள். வந்த மாதத்திலேயே தெளிந்துவிட்டாள் என்று எல்லோரும் சொன்னார்கள். வாசல் தெளித்தாள், கடலை உடைத்தாள், கம்மாய்க்குப் போய்த் திரும்பி வந்தாள். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் செவிலியர் கண்ணோடு பார்த்தால் நடந்தது வேறு. அவள் வழியை நினைவில் வைத்து நடக்கவில்லை. இந்தத் திருப்பத்தில் புளியமரம், அடுத்து அய்யனார் கோயில் குதிரை, அதற்கடுத்து அத்தை வீட்டுத் திண்ணை என்று ஊர் அவளைக் கைப்பிடித்துக் கூட்டிப்போனது. எதிரே வருகிற ஆள், "என்னத்தா, கம்மாய்க்கா?" என்று கேட்கும்போதே எங்கே போகிறோம் என்பது அவளுக்கு ஞாபகம் வந்துவிடும். தேதி தெரியாது. ஆனால் நார்த்தாமலைப் பூச்சொரிதலுக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று தெருவே பேசிக்கொண்டிருப்பதால் பங்குனி வந்துவிட்டது என்று தெரியும். அம்பத்தூர் நாலாவது மாடியில் இதில் ஒன்றும் இல்லை. எல்லாக் கதவும் ஒரே நிறம்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்தது. எங்கள் பக்கம் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அந்தத் திருப்பத்துப் புளியமரமும் விழுந்தது. நாலைந்து நாள் கழித்து வெளியே போன அம்மா இருட்டும்வரை வரவில்லை. தெருமுனையிலிருந்து கூப்பிடு தூரத்தில், வெட்டிப் போட்ட மரத்துண்டின் மேல் உட்கார்ந்திருந்தாள். "இது நம்ம ஊரு இல்லடி" என்றாள். அந்த வாரம் அக்கம்பக்கத்து ஊர்களிலும் இரண்டு மூன்று வயசாளிகள் இப்படி வழி தவறியதைக் கேள்விப்பட்டேன். வீடு இடிந்தவர்களுக்கும் மரம் போனவர்களுக்கும் நிவாரணப் பட்டியல் எழுதினார்கள். இது எந்தப் பட்டியலிலும் வரவில்லை. ஊர் தாங்கிப்பிடித்திருந்தது என்பது நிஜம். நோய் உள்ளேயே வளர்ந்துகொண்டிருந்தது என்பதும் நிஜம். ஊர் மறைத்ததால் நாம் வைத்தியத்தைத் தள்ளிப்போட்டோம். அம்மா 2021-இல் போய்ச் சேர்ந்தாள்.

எழுத்துக்கும் ஞாபகத்துக்கும் உள்ள உறவை ஆராய்ந்தவர்கள் சொல்வதைத் தேடிப் படித்தேன். நியூயார்க்கின் வடக்கு மன்ஹாட்டனில், நாலாம் வகுப்புக்கு மேல் போகாத முதியோர் 983 பேரை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டார்கள். பெரும்பாலும் டொமினிகன் குடியரசிலிருந்து குடியேறியவர்கள். அவர்களில் எழுதப் படிக்கவே தெரியாதவர்களுக்கு, கொஞ்சமாவது தெரிந்தவர்களைவிட, ஏறக்குறைய மூன்று மடங்கு மறதி நோய் இருந்தது. இரண்டு தரப்புக்கும் பள்ளிப்படிப்பு அதிகம் இல்லை. நாலு எழுத்து தெரிந்ததும் தெரியாததும்தான் வித்தியாசம். லக்னோவுக்குப் பக்கத்துக் கிராமங்களில், பெரும்பாலும் முப்பதைத் தாண்டிய பெண்களுக்கு ஆறு மாதம் இந்தி எழுத்துக் கற்பித்து, மூளைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். மூளையின் ஆழமான பகுதிகளுக்கும் பார்வைப் பகுதிக்கும் உள்ள தொடர்பே மாறியிருந்தது என்று 2017-இல் எழுதினார்கள். எங்கள் அரிக்கேன் விளக்கு வகுப்பும் ஏறக்குறைய அதே ஆறு மாதம்தான். குவாரிப் பெண்களின் தலைக்குள் அப்போது என்ன நடந்தது என்று படம் எடுத்துப் பார்க்க யாரும் வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

பள்ளிக்கூடம் மட்டுமே வழி என்றும் நான் சொல்லவில்லை. ஐதராபாத்தில் டாக்டர் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 மறதி நோயாளிகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட கட்டுரையில், இரண்டு மொழி பேசுபவர்களுக்கு நோய் நாலரை வருசம் தாமதித்தே வந்தது என்று கண்டார்கள். எழுத்தறியாதவர்களிடமும் அந்தத் தாமதம் தெரிந்தது. வீட்டில் தெலுங்கும் சந்தையில் தமிழும் பேசி வளர்ந்த எத்தனையோ அப்பத்தாக்கள் எங்கள் மாவட்டத்தில் உண்டு. அவர்களுடைய பிள்ளைகள் தாய்மொழி பேச வெட்கப்படுவதைப் பார்க்கும்போது, பேசுங்கள், பேரப்பிள்ளைகளோடும் பேசுங்கள் என்று சொல்கிறேன்.

45 வயதுக்கு மேல் எழுத்து ஏறாது என்பதும் பொய். கேரளத்தில் ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்த கார்த்தியாயினி அம்மா 2018-இல், தம் 96-ஆம் வயதில், எழுத்தறிவுத் தேர்வு எழுதி 100-க்கு 98 மதிப்பெண் வாங்கினார். 2023-இல் 101 வயதில் காலமானார்.

இப்போது நடக்கும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் 15 வயதுக்கு மேற்பட்ட யாரும் சேரலாம். மேல் வரம்பு இல்லை. இருந்தும் எங்கள் ஊர்களில் பட்டியல் எழுதுகிறவர்கள் 60 வயதுக்காரியைக் கண்டால் அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். போகாதீர்கள். அவளுடைய பெயரையும் எழுதுங்கள். 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வந்து ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். நான் பணியில் இருந்த காலத்தில் கனவிலும் காணாத ஏற்பாடு அது. அப்படி வரும் பணியாளர்கள் வாசலில் உட்காரும் ஐந்து நிமிடத்தில் இன்னும் இரண்டு காரியம் செய்ய வேண்டும் என்று சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். காது கேட்கிறதா, கண் தெரிகிறதா என்று பார்க்கட்டும். அடுப்பில் வைத்ததை மறக்கிறாரா, தெரிந்த தெருவில் தடுமாறுகிறாரா என்று வீட்டாரை நேராகக் கேட்கட்டும். வயசாச்சு என்ற பதிலை ஏற்றுக்கொள்ள வேண்டாம். வட்டார மருத்துவமனையில் மாதம் ஒரு நாளாவது, எழுத்து தேவைப்படாத தமிழ்ச் சோதனையை வைத்துக்கொண்டு இதற்கென்று ஒரு மருத்துவர் உட்கார வேண்டும்.

உங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் பார்க்காத அம்மாவோ அப்பத்தாவோ இருந்தால், இந்த மாதமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் ரத்தக் கொதிப்பையும் காதையும் காட்டுங்கள்.